நடுவரின் தவறும் நம் பஞ்சாயத்தும்

2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூல் வீரர் லூயிஸ் டயஸ் அடித்த கோலை ஆஃப்சைடு என்று மறுத்துவிட்டார்கள். வீடியோ நடுவர் பார்த்தார், ஆஃப்சைடு இல்லை. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்து, 'சரிபார்த்தாயிற்று' என்று சொல்லிவிட்டார். ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது. விதிப்படி திருத்த வழியில்லை. லிவர்பூல் 2-1 எனத் தோற்றது. நடுவர் அமைப்பு அன்றே தவறை ஒப்புக்கொண்டது. மூன்று நாளில் நடுவர்கள் பேசிய ஒலிப்பதிவும் வெளிவந்தது. லிவர்பூல் கேட்ட பிறகுதான்.

ஆராய்ந்து தீர்ப்பளித்துத் தவறியவருக்கும் ஒரு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள் (புகாரி 7352). அது முயன்றவருக்கு; மறைத்தவருக்கு அல்ல.

நம் ஜமாஅத் பஞ்சாயத்துகள் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே முடிகின்றன. வாரிசுப் பங்கைக் குறைத்துவிட்டீர்கள் என்று நாளை ஒரு சகோதரி வந்து நின்றால், எடுத்துக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?