ஹில்குரோவில் ரயில் நிற்கும்போது

அன்புள்ள கண்ணு,

உன் குரல் செய்தி வந்தது. பின்னால் குக்கர் விசில், அதற்கும் பின்னால் குட்டியின் அழுகை, நடுவில் நீ. ஜனவரியில் ஊட்டிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் ஹாஸ்டல் தோழியும் அவள் வீட்டுக்காரரும் மகனோடு வருகிறார்களாம். மாப்பிள்ளைக்குச் சம்மதம். உன் மாமியார் மட்டும், "ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு ஊட்டியைப் பத்தி என்ன தெரியும்? நாளைக்கு ஞாபகம் இருக்கவா போகுது?" என்று கேட்டுவிட்டாராம். உனக்குக் கோபம்.

கோபப்படாதே. சம்பந்தியம்மா சொன்னதில் பாதி சரி. நான் கல்லூரியில் உளவியல் நடத்திய காலத்தில், பிள்ளைகளிடம் அவரவர் முதல் நினைவை எழுதச் சொல்வேன். தம்பி பிறந்தது, கிணற்றடியில் வழுக்கி விழுந்தது, தாத்தா சாவுக்குக் கூடிய கூட்டம் என்று எழுதித் தருவார்கள். வயதைக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் மூன்று, நான்கில் வந்து நிற்கும். அதற்கு முன் நடந்தது பெரியவர்களான பிறகு பெரும்பாலோருக்கு எட்டுவதில்லை. குட்டிக்கு ஊட்டி ரயில் நினைவிருக்காது. இதில் உன்னை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை.

ஆனால் முதல் நினைவின் வயது எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மவோரி மக்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று வயதுக்கும் முன்னால் போயிருந்தது. அதே நாட்டில் ஐரோப்பிய வழிவந்தவர்களுக்கு அது மூன்றரை வயதில்தான் தொடங்கியது. மவோரி வீடுகளில் நடந்ததைப் பேசுவது பெரிய காரியம். முன்னோர் கதையையும், பிள்ளை பிறந்த கதையையும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பேச்சுக்கும் அந்த நினைவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்து ராபின் ஃபைவுஷ், தாய்மாரும் பிள்ளைகளும் முடிந்துபோனதைப் பற்றிப் பேசுவதைப் பல ஆண்டுகள் பதிவு செய்து பார்த்தவர். விவரம் சேர்த்து, கேள்வி கேட்டு, பிள்ளை சொன்ன ஒரு சொல்லைப் பிடித்து நீட்டிப் பேசுகிற தாய்மாரின் பிள்ளைகள் பின்னாளில் கூடுதலாகவும் கோவையாகவும் நினைவு சொல்கிறார்கள் என்பது அவரும் அவரையொத்த மற்றவர்களும் கண்டது.

"ரயில்ல போனோமே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் "ஆங்" என்பாள், கதை முடிந்துவிடும். "குரங்கு வந்துச்சே, எங்க உட்கார்ந்துச்சு? கூரை மேலயா? யாரோட பழத்தைப் பார்த்துச்சு?" என்று கேள். இப்போது அவளிடமிருந்து பதில் வராது, நீயே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டரை வயதில் பாதியை அவள் சொல்வாள். நாலு வயதில், நீ மாற்றிச் சொன்னால் "இல்லம்மா, அது என்னோட பழம்" என்று திருத்துவாள். அது வழியில் ரயில் நிற்கும் ஹில்குரோவில் கண்ட நினைவா, உன் வாயால் கேட்ட நினைவா என்று யாரும் பிரித்துப் பார்க்க முடியாது. பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை.

இப்படிச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நேரத்தில் நீ அங்கே இருந்திருக்க வேண்டும். உடம்பால் இருந்தால் போதாது. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

முதலில் ஒன்று. "இந்த வயசு திரும்ப வராது, ஒவ்வொரு நொடியையும் ரசி" என்று உன்னிடம் சொல்கிறவர்களை நம்பாதே. வாட்ஸ்அப்பில் தாய்மைக்குப் பூப்போட்டு அனுப்புகிறவர்கள் யாரும் இரவு இரண்டு மணிக்கு வந்து தொட்டில் ஆட்டுவதில்லை. பால் கக்கிய தோளோடு, காலையில் போட்ட காபியை மதியம் சூடு பண்ணிக் குடிக்கிற நேரத்தில் ரசிக்க ஒன்றுமில்லை. ரசிக்க முடியவில்லையே என்ற குற்றவுணர்ச்சியையும் சேர்த்துச் சுமக்காதே. தூக்கம் கெட்டவளுக்கு எந்த மலையும் அழகில்லை. பயணத்துக்கு முந்தின வாரம் இரண்டு இரவாவது மாப்பிள்ளை குட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ தூங்கு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: எதிலும் மனம் ஒட்டாமல், காரணமில்லாமல் அழுகை வந்து, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால், அதற்கு மருந்து பயணம் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டும். அப்போது எனக்கும் ஒரு போன் போடு, நான் கூட வருகிறேன்.

ரசிப்பதையே ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஃபிரெட் பிரையன்ட், ஜோசப் வெராஃப் என்ற இருவர் 2007-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்கள். சந்தோஷமான நேரத்தில் மனிதர்கள் மனசுக்குள் என்னென்ன செய்கிறார்கள் என்று வகைபிரித்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது, ஒரே ஒரு புலனைக் கூராக்குவது, பின்னாளுக்கென்று மனதில் பதித்துக்கொள்வது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அதே பட்டியலில் இன்பத்தைக் கெடுக்கும் ஒரு பழக்கமும் இருக்கிறது. மலையைப் பார்த்துக்கொண்டே "வீட்டில் துணி ஊறுகிறதே", "அடுத்த முறை வரும்போது பெரிய ரூம் எடுக்கணும்" என்று நினைப்பது. வீட்டை நடத்துகிற பெண்களுக்கு இது கூடவே வரும். நம் மூளையை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள், யார் தண்ணீர் கேட்பார்கள் என்று எப்போதும் ஒரு காது திறந்தே இருக்கும். ஆகவே புறப்படும் முன் வேலையைப் பிரித்துவிடு. டயப்பர், துணிப்பை மாப்பிள்ளை பொறுப்பு. சாப்பாடு உன் பொறுப்பு. அவர் ஸ்வெட்டரை மறந்தால் மறந்ததுதான், குன்னூரில் வாங்கிக்கொள்ளலாம். அவர் பையை நீ திறந்து சரிபார்க்கக் கூடாது.

இப்போது ரயிலுக்கு வருகிறேன். காரில் போகலாமா என்று நீ கேட்டதற்கு என் பதில், ஏறும்போது ரயில், இறங்கும்போது கார். காரில் கொண்டை ஊசி வளைவுகளில் குட்டி வாந்தி எடுப்பாள், நீ துடைத்துக்கொண்டிருப்பாய், மலை தன்பாட்டில் போய்விடும். மலை ரயிலோ நாற்பத்தாறு கிலோமீட்டரை ஏறிமுடிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு மெதுவான ரயிலுக்கு 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி சென்னையில் ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையம். ஏழு மணிக்கு மேல் மலை ரயில் புறப்படும். கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாதாரணமாக ஓடும். அதற்குப் பிறகு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும், இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கடித்து ஏறும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கு முன் குட்டியின் கையைப் பிடித்துப் பலகை இருக்கையில் வைத்துப் பார். அதிர்வு முதலில் கையில் வரும். இன்ஜின் பின்னால் இருந்து தள்ளுவதால், முன்பெட்டியின் முகப்பில் பிரேக்ஸ்மேன் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக நிற்பார். ஒன்றரை வயசுக்காரிக்கு யுனெஸ்கோவைவிட அந்தக் கொடி பெரிது. நீயும் அதையே பார். இந்தப் பாதை குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் வந்தது என்பதையெல்லாம் மாப்பிள்ளை கூகுளில் பார்த்துச் சொல்வார், சொல்லட்டும்.

நடுவழியில் ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, அதனால் எல்லோரும் இறங்குவார்கள். குரங்குகளும் வரும், உணவுப் பையை மூடி வை. அங்கே பார்ப்பதற்கென்று ஓர் இடமும் இல்லை. ஒரு சின்ன ஸ்டேஷன், டீ, ஈரக் காடு, ஆவி விடும் இன்ஜின். அந்த நேரத்தைத்தான் நீ முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்கிற சத்தங்களை ஒவ்வொன்றாக அவள் காதில் சொல். தண்ணீர் கொட்டுகிறது, யாரோ இருமுகிறார்கள், பறவை, ஆவி. நாலு சத்தம் சொல்லி முடிப்பதற்குள் உன் தோள்கள் தளர்ந்திருப்பதை நீயே உணர்வாய்.

போனை எடுக்கவே கூடாதா என்று கேட்பாய். எடுக்கலாம், ஒரு கட்டுப்பாட்டோடு. லிண்டா ஹென்கெல் என்ற பேராசிரியை அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப்போய், சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டால், படம் எடுத்தவற்றைப் பற்றித்தான் அவர்களுக்குக் குறைவாக நினைவிருந்தது. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு விட்டுவிட்டதாம். ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருக்கிப் படம் எடுக்கச் சொன்னபோது அந்தக் குறைவு தெரியவில்லை. 2014-இல் வெளிவந்தது இது. ஆகவே மலை, பள்ளத்தாக்கு, ஆறு பேர் வரிசையாகச் சிரிப்பது எல்லாம் ஒன்றிரண்டு போதும். வர்க்கித் தூள் ஒட்டிய குட்டியின் மோவாயை எடு. உன் தோழியின் மகன் குட்டியின் தொப்பியைப் பிடுங்கும் கையை எடு. ஸ்டேட்டஸில் போடுவதை வீடு திரும்பியபின் வைத்துக்கொள்.

உன் தோழியைப் பற்றியும் பேச வேண்டும். பிள்ளை பிறந்தபின் அவளோடு சரியாகப் பேசவே முடிவதில்லை, பழைய நெருக்கம் போய்விட்டதோ என்று பயப்படுகிறாய். கான்சாஸ் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹால் போட்ட கணக்குப்படி, அறிமுகமான ஒருவர் நெருங்கிய நண்பராகச் சுமார் 200 மணி நேரம் ஒன்றாகக் கழிக்க வேண்டும். ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தவர்கள் நீங்கள். அந்த மணி நேரங்களை எப்போதோ செலுத்தி முடித்துவிட்டீர்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பேச்சு நடுவில் அறுந்தால் அறுந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், மதியம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே எச்சரிக்கை. இரண்டு தாய்மார் சேர்ந்தால் எத்தனை பல், எப்போது நடந்தான், ராத்திரி எத்தனை முறை எழுந்தாள் என்று பேச்சு பிள்ளைகளின் பந்தயமாகிவிடும். அவள் மகன் பத்து மாதத்தில் நடந்தானா, நடக்கட்டும். குன்னூரில் சிம்ஸ் பூங்காவில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை அப்பாக்களிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் தனியாக நடங்கள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளின் பேச்சு வேண்டாம். ஹாஸ்டல் மெஸ்ஸையும், உங்களை மிரட்டிய வார்டனையும் பேசிச் சிரியுங்கள். நீங்கள் அம்மாக்களாவதற்கு முன் யாராக இருந்தீர்கள் என்பதற்கு ஒருவருக்கொருவர் நீங்கள்தான் சாட்சி.

ஊட்டியில் ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். டிரைவர் ஏழு பாயிண்ட் காட்டுவதாகச் சொல்வார், வேண்டாம் என்று சொல்ல முன்கூட்டியே மனசைத் தயார் செய்துகொள். தாவரவியல் பூங்காவில் குட்டி பூவைப் பார்க்கமாட்டாள். கல் பொறுக்குவாள், இல்லையென்றால் நாயின் பின்னால் போவாள். நீ அவள் பின்னால் போ. ஜனவரி ராத்திரியில் உறைபனி விழும், காதுக்குக் குல்லாய் மறக்காதே.

ராத்திரி அவள் தூங்கியதும் அன்று நடந்ததை நாலு வரி எழுதி வை. பெரிய விஷயங்கள் வேண்டாம், அவை தானே நிற்கும். என்ன சாப்பிட்டாள், எந்தச் சொல்லைத் தப்பாகச் சொன்னாள், யார் எதற்குச் சிரித்தார்கள். ஹார்வர்டில் டிங் ஜாங் என்பவரும் கூட்டாளிகளும் செய்த ஒரு சோதனை உண்டு. சாதாரண நாள்களின் விவரங்களை எழுதிவைக்கச் சொல்லி, சில மாதம் கழித்துப் படிக்கக் கொடுத்தார்கள். இதையெல்லாம் படிக்க யாருக்கு ஆசை வரும் என்று எழுதும்போது நினைத்தவர்கள், படிக்கும்போது எதிர்பார்த்ததைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள்.

அதனால்தான் ஊட்டிக்காகக் காத்திருக்காதே என்கிறேன். உங்கள் பெரம்பூரிலிருந்து 29சி பெசன்ட் நகர் வரை போகிறது. 2021-இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம். கூட்டமில்லாத ஒரு மத்தியான நேரம் பார்த்து, ஜன்னலோரம் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி ஸ்டாப் வரை போய்விட்டு வா. முடிந்தால் உன் மாமியாரையும் அழைத்துப் போ. அவரிடம் அவருடைய முதல் பஸ் பயணத்தைக் கேள். ஞாபகம் இருக்கவா போகுது என்று கேட்டவருக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.

மலை ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பதிவு திறந்த அன்றே மாப்பிள்ளையை எடுக்கச் சொல், தேதி தெரிந்ததும் எனக்குச் சொல். கோயம்புத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு இட்லியோடு வந்துவிடுகிறேன். உன் தோழிக்குக் காரச்சட்னி ஆகுமா, தேங்காய்ச் சட்னிதானா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பெரியம்மா