ஒலி உண்டு, படம் இல்லை

டி.வி.டி. பிளேயரில் சினிமாப் படம் போடுகிறோம். பாட்டும் பேச்சும் நன்றாகக் கேட்கின்றன. திரையோ கறுத்துக் கிடக்கிறது. "லென்ஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று யாரேனும் சொன்னால் உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள், தோழியரே!

12 செ.மீ. விட்டமுள்ள அத்தகட்டில் படமும் ஒலியும் தனித்தனி இடங்களில் இல்லை. ஒரே சுருள் தடத்தில் கலந்தே பதிந்துள்ளன. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒரே சிவப்பு லேசர் கதிர்தான் இரண்டையும் படிக்கிறது. ஆகவே, ஒலி வந்தால் லென்ஸ் வேலை செய்கிறது என்பதே பொருள். குறை, படித்த பிறகு படம் செல்லும் வழியில் இருக்கிறது.

அவ்வழியில் முதலில் ஐயப்பட வேண்டியது மஞ்சள் முனைக் கம்பி. படத்தைக் கொண்டு செல்வது அதுவே. சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு உரியவை. ஆனால் மூன்றும் உள்ளே ஒரே அமைப்புடையவை, நிறம் நம் வசதிக்குத்தான். எனவே வெள்ளைக் கம்பியைக் கழற்றி, இருபுறமும் மஞ்சள் துளைகளில் செருகிப் பாருங்கள். படம் வந்தால் மஞ்சள் கம்பிதான் பழுது. புதுக் கம்பி போதும்.

அப்போதும் வராவிட்டால் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். 'புரோகிரசிவ்' முறைக்கு மாற்றினால் சில பிளேயர்களில் மஞ்சள் துளை வழியே படம் சரியாக வராது. சில ரிமோட்டுகளில் இதை மாற்றத் தனிப் பொத்தானே உண்டு.

படம் நிறமின்றி உருண்டோடினால் காரணம் வேறு. நம் நாட்டுப் 'பால்' முறையில் (குடிக்கும் பால் அன்று!) 625 கோடுகள், அமெரிக்க என்.டி.எஸ்.சி. முறையில் 525. பிளேயரைப் பாலுக்கு மாற்றினால் சரியாகும்.

பிளேயரின் பெயர் திரையில் தெரிந்து, தகடு மட்டும் ஓடாவிட்டால், அப்போது தகட்டை நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்துப் பார்த்துவிட்டு லென்ஸைச் சந்தேகிக்கலாம்.