பீலித் தண்ணீரும் பிள்ளையின் வயிறும்

2025 நவம்பரில் வீசிய டித்வா புயலுக்குப் பின் லயத்துக்குத் திரும்பும் குடும்பங்கள் முதலில் கவனிக்க வேண்டியது குடிநீர். மண்சரிவில் உடைந்த மலசலகூடக் குழியின் கழிவு, பீலிக்கு வரும் ஊற்றில் கலந்திருக்கலாம். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் கிருமி கண்ணுக்குத் தெரியாது.

நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே நன்றாகக் குமிழியிட்ட பிறகும் 3 நிமிடம் கொதிக்க விட்டு, மூடி ஆறவையுங்கள். மலசலகூடம் போய்வந்த பின்னும், ரொட்டிக்கு மாப் பிசையும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறுவதுதான் உயிருக்கு ஆபத்து. சீனி போட்ட சாயத் தண்ணீர் அதை ஈடுசெய்யாது. ஒரு பக்கட் ஜீவனியை 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பின் மீதியை ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலும் கஞ்சியும் தொடரட்டும்.

மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், சிறுநீர் குறைதல், குடிக்கவும் முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இன்றைய பேர் போய்விடுமே என்று தயங்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.