மலையில் ட்ரோன் வீடியோ திணறுதா? நீங்க நிற்கும் இடத்தை முதல்ல பாருங்க

ஜமுனாமரத்தூர் கோடை விழாவுக்குப் போகும் சிலர் கையில் இப்போது செல்போனோடு ஒரு சின்ன ட்ரோனும் இருக்கிறது. பீமன் அருவியை மேலிருந்து படம் எடுக்கணும், சாமை வயலும் பலா மரமும் தெரியுற மாதிரி ஒரு வீடியோ போடணும் என்று ஆசை. ஊர் மைதானத்தில் அருமையாகப் பறந்த அதே ட்ரோன், ஜவ்வாது மலைக்கு வந்ததும் படம் விட்டு விட்டு வரும். சில நேரம் திரை அப்படியே உறைந்துவிடும். உடனே நாம் சொல்வது: "இங்க டவர் இல்ல, அதான்!"

இந்த ஒரு தவறான எண்ணம்தான் பல ட்ரோன்களைக் காட்டுக்குள் தொலைக்க வைக்கிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, பறக்கும்போதே படம் நின்றால் முதல் நிமிடத்தில் என்ன செய்வது, எந்தெந்த அனுமதி வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. படம் எந்த வழியில் வருகிறது?

ட்ரோனிலிருந்து வரும் நேரலைப் படத்துக்கும் செல்போன் டவருக்கும் சம்பந்தம் இல்லை. ட்ரோன் தன் ரேடியோ அலையை நேராக உங்கள் கையில் உள்ள ரிமோட்டுக்கு அனுப்புகிறது. ரிமோட்டிலிருந்து கேபிள் வழியாகப் போனுக்குப் படம் வருகிறது. ரிமோட் இல்லாத சிறிய வகைகளில் ட்ரோனே ஒரு வைஃபையை உருவாக்கி, போனோடு நேரடியாகப் பேசும்.

அப்படியென்றால் இன்டர்நெட் எதற்கு? ஆப்பில் வரைபடம் தெரிய, லாகின் செய்ய, அப்டேட் இறக்க. அவ்வளவுதான். ஆகவே போளூரிலோ ஆலங்காயத்திலோ நல்ல சிக்னல் இருக்கும்போதே லாகின், அப்டேட், வரைபடம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு மலை ஏறுங்க. மேலே போய் "அப்டேட் கேட்குதே" என்று முழிக்க வேண்டியிருக்காது.

2. அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிங்க

தரையிலேயே, ட்ரோன் பறக்கும் முன்னாலேயே, பாதிக் கோளாறைக் கண்டுபிடிச்சிடலாம்.

• ஆரம்பத்திலிருந்தே படம் வரலை: முதலில் கேபிளை மாற்றிப் பாருங்க. சில கேபிள்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா கடத்தாது. அடுத்து, ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளைப் பாருங்க. வேறொரு ட்ரோன் ஆப் பின்னணியில் திறந்திருந்தால் மூடுங்க.

• வைஃபை ட்ரோன் இணைந்து இணைந்து விடுபடுகிறது: ட்ரோன் தரும் வைஃபையில் இன்டர்நெட் இருக்காது. 'இன்டர்நெட் இல்லாத வைஃபை' என்று நினைத்துப் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பறக்கும் நேரத்தில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்க. 'இந்த வைஃபையிலேயே இருக்கவா?' என்று போன் கேட்டால் ஆம் கொடுங்க. லொகேஷன் ஆன் ஆகி இருக்கட்டும்.

• ட்ரோன் பக்கத்தில் இருந்தும் படம் திக்குகிறது: பெரும்பாலும் போன்தான் காரணம். வெயிலில் சூடான போன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பவர் சேவரை அணைத்து, மற்ற ஆப்களை மூடி, போனை நிழலில் வைத்துப் பாருங்க. மெமரி நிறைந்திருந்தாலும் இப்படி ஆகும்.

• பக்கத்தில் நன்றாக வருகிறது, தூரம் போனால் உடைகிறது: இது ரேடியோ விஷயம். இதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

• படம் நிற்கவில்லை, ஆனால் மங்கலாக இருக்கிறது: லென்ஸைப் பாருங்க. பனிமூட்டம் ரேடியோ அலையைப் பெரிதாகத் தடுக்காது. ஆனால் லென்ஸில் ஈரம் படியும். கட்டம் கட்டமாக உடைந்தால் இணைப்புக் கோளாறு. முழுப் படமும் ஒரே சீராக மங்கினால் லென்ஸ் கோளாறு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. கேபிள், ஆப், செட்டிங் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

நேரலையில் படம் மோசமாக வந்ததால் வீடியோவே வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ட்ரோனுக்குள் இருக்கும் மெமரி கார்டில் முழுத் தரத்தில் பதிவாகியிருக்கும். அதனால் நேரலைத் தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்வதில் நஷ்டம் இல்லை. இணைப்புக்கு அது உதவும்.

3. மலை என்ன செய்கிறது?

பெரும்பாலான கேமரா ட்ரோன்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அல்லது 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. இந்த அலைகள் மலை முகட்டைத் துளைத்து வராது, வளைந்தும் அதிகம் வராது. தூரம் இரண்டு மடங்கானால், திறந்த வெளியிலேயே வந்து சேரும் சக்தி கால் பங்காகக் குறைந்துவிடும். அதோடு நடுவில் மரமும் பாறையும் வந்தால் கேட்கவே வேண்டாம். மழை பெய்து இலைகள் நனைந்திருந்தால் இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

"ட்ரோன் கண்ணுக்குத் தெரியுதே, அப்புறம் ஏன் படம் வரலை?" நல்ல கேள்வி. ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் வருவதில்லை. நடுவில் பருத்த வெள்ளரிக்காய் மாதிரி ஒரு இடம் அதற்குத் தேவை. ட்ரோன் 1 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நடுப்பகுதியில் கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுமார் 5.5 மீட்டர் இடைவெளி வேண்டும். உங்கள் பார்வைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே மரக்கிளைகள் இருந்தாலும் அந்த வெள்ளரிக்காயின் அடிப்பாகம் வெட்டுப்படும். படம் திணறும்.

இதிலிருந்து வரும் பாடங்கள்:

• மரத்தடி நிழலில், வேன் ஓரத்தில், கட்டடச் சுவரை ஒட்டி நின்று பறக்கவிடாதீங்க. திறந்த மேட்டுக்கு வாங்க.

• ஆன்டெனாவின் நுனியை ட்ரோனை நோக்கிக் காட்டாதீங்க. குச்சி போன்ற ஆன்டெனாவின் நுனிப்பக்கம்தான் அதன் பலவீனமான திசை. ஆன்டெனாவின் பக்கவாட்டு ட்ரோனைப் பார்க்கட்டும். ட்ரோன் நகர நகர நீங்களும் திரும்புங்க. உங்கள் உடம்பே அலையைத் தடுக்கும்.

• ஆள் இல்லாத இடத்தில் 2.4 நல்லது, இலை தழைகளை ஓரளவு தாக்குப்பிடிக்கும். கோடை விழா மாதிரிக் கூட்டத்தில் ஹாட்ஸ்பாட்டும் புளூடூத்தும் நிறைந்திருக்கும். அங்கே குறைந்த தூரத்துக்கு 5.8 நன்றாக இருக்கும். ஆட்டோவில் விட்டும் சரியாகவில்லை என்றால் மாற்றிப் பாருங்க.

• அருவிப் பள்ளத்துக்குள் ட்ரோனை இறக்க வேண்டாம். பள்ளத்தின் விளிம்புக்குக் கீழே போன கணமே உங்களுக்கும் ட்ரோனுக்கும் நடுவில் பாறை வந்துவிடுகிறது. கீழே குளிக்கிறவர்கள் தலைமேல் விழுந்தால் விளைவு என்ன என்பதையும் யோசிச்சுப் பாருங்க.

4. பறக்கும்போதே படம் உறைந்தால்

இங்கேதான் பதற்றம் வரும். வரிசையாகச் செய்யுங்க.

முதலில், இரண்டு குச்சிகளிலிருந்தும் விரலை எடுங்க. ஜிபிஎஸ் உள்ள ட்ரோன் அப்படியே நின்ற இடத்தில் மிதக்கும். படம் தெரியாத நேரத்தில் குச்சியைத் தள்ளுவது கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவதற்குச் சமம்.

அடுத்து, திரையை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்க. ட்ரோன் எங்கே இருக்கிறது?

மூன்றாவதாக, திரையில் உயரம், தூரம், பேட்டரி எண்கள் மாறுகின்றனவா என்று கவனிங்க. மாறினால் போனது படம் மட்டும்தான். கட்டுப்பாடு உங்கள் கையில்தான் இருக்கிறது. படத்துக்கு நிறைய டேட்டா தேவை, கட்டளைக்குக் கொஞ்சம் போதும். அதனால் படம்தான் முதலில் போகும்.

நான்காவதாக, திறந்த இடத்துக்கு நாலு அடி நகருங்க, ஆன்டெனாவைச் சரிசெய்யுங்க. மேலே கிளை இல்லை என்று தெரிந்தால் ட்ரோனை மெதுவாக உயர்த்துங்க. பல நேரம் இதிலேயே படம் திரும்பிவிடும்.

அப்போதும் வரவில்லையென்றால், 'வீடு திரும்பு' பொத்தானை அழுத்துங்க.

ரிமோட்டை அணைக்கவே கூடாது. தனி ரிமோட் உள்ள ட்ரோன் என்றால் ஆப்பை மட்டும் மூடித் திறக்கலாம். ரிமோட் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். போனிலேயே ஓட்டும் வைஃபை ட்ரோனில் ஆப்பை மூடினால் கட்டுப்பாடும் போய்விடும். உங்களுடையது எந்த வகை என்று இன்றே பார்த்து வையுங்க.

5. திரும்பும் உயரம்: மலையில் உயிர்நாடி

இணைப்பு அறுந்தால் ட்ரோன் என்ன செய்யணும் என்பதை செட்டிங்கில் முன்பே சொல்லி வைக்கலாம். 'வீடு திரும்பு' என்று வைங்க. அது நீங்கள் குறித்த உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடத்துக்கு நேராக வரும். முகட்டைச் சுற்றி வளைந்து வரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஒரு கணக்குப் போடுவோம். நீங்கள் ஒரு சாமை வயலில் நிற்கிறீர்கள். ட்ரோன் ஒரு முகட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. முகடு வயலைவிட 60 மீட்டர் உயரம். அதன் மேல் மரங்கள் 15 மீட்டர். மொத்தம் 75. திரும்பும் உயரம் 30 மீட்டர் என்று இருந்தால் ட்ரோன் நேராக மலைச்சரிவில் மோதும். 75-உடன் குறைந்தது 20 சேர்த்து 95 மீட்டர் வைக்கணும். ட்ரோனை முகட்டுக்கு அப்பால் அனுப்பாமல், கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

இன்னொரு சிக்கலும் உண்டு. திரையில் தெரியும் உயரம் நீங்கள் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கு. மலை விளிம்பிலிருந்து கிளம்பி, 80 மீட்டர் ஆழமான பள்ளத்தின் மேலே போகும்போது திரை 60 என்று காட்டினால், உண்மையில் தரையிலிருந்து 140 மீட்டர். பச்சை மண்டலத்தில் முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய உச்ச வரம்பு 400 அடி, அதாவது 120 மீட்டர். தெரியாமலேயே விதியை மீறியிருப்பீர்கள்.

'கிளம்பிய இடம் பதிவாகிவிட்டது' என்று ஆப் சொல்லும்வரை பறக்க வேண்டாம். இரண்டு பக்கமும் மலை சூழ்ந்த இடத்தில் வானம் குறைவாகத் தெரிவதால் ஜிபிஎஸ் பிடிக்க நேரமாகும். காத்திருங்க.

6. பதிவும் அனுமதியும்

ட்ரோன் விதிகள் 2021, அந்த ஆண்டு ஆகஸ்ட் 25-ல் அறிவிக்கப்பட்டன. அவற்றின்படி 250 கிராம் வரை நானோ வகை; அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனை ஆன்லைனில் பதிந்து தனித்துவ அடையாள எண் பெற வேண்டும். வணிக நோக்கில்லாமல் மைக்ரோ ட்ரோன் ஓட்டுவோருக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை; கல்யாண வீடியோ மாதிரித் தொழிலுக்கு ஓட்டினால் தேவை. பறக்கும் முன் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்க. முறையான பயிற்சி வேண்டுமென்றால், 2022-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆளில்லா வான்கலன்கள் கழகத்தை அணுகலாம்.

வரைபடம் பச்சை என்பதாலேயே காட்டுக்குள் அனுமதி கிடைத்ததாக அர்த்தம் இல்லை. காப்புக்காட்டுப் பகுதி என்றால் வனத்துறையிடம் தனியாகக் கேட்கணும். காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி உள்ள வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. இருட்டான வானம்தான் அதன் மூலதனம். இரவில் விளக்கோடு அந்தப் பக்கம் ட்ரோன் விடாதீங்க.

ட்ரோன் காட்டுக்குள் விழுந்துவிட்டால் தேடிக்கொண்டு தனியாக உள்ளே போகாதீங்க. ஆப்பில் கடைசியாகப் பதிவான இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வனத்துறை அலுவலகத்தில் சொல்லுங்க. கோடையில் இதைத் தள்ளிப்போடக் கூடாது: அடிபட்ட லித்தியம் பேட்டரி சற்று நேரம் கழித்தும் தீப்பிடிக்கும், கீழே கிடப்பதோ காய்ந்த சருகு. புகை தெரிந்தால் உடனே 112.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

☐ அப்டேட், வரைபடம் அடிவாரத்திலேயே முடிந்ததா?
☐ டேட்டா கடத்தும் கேபிள், மாற்றுக் கேபிள் இருக்கிறதா?
☐ நிற்கும் இடம் திறந்த வெளியா?
☐ ஆன்டெனாவின் பக்கவாட்டு ட்ரோனைப் பார்க்கிறதா?
☐ கிளம்பிய இடம் பதிவானதா?
☐ திரும்பும் உயரம் முகட்டையும் மரத்தையும் தாண்டுகிறதா?
☐ பதிவு எண், வனத்துறை அனுமதி கையில் இருக்கிறதா?

ஏழுக்கும் 'ஆமாம்' வந்தால் பறக்கவிடுங்க. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், அதைச் சரிசெய்த பிறகு பறக்கவிடுங்க.