செய்தி போய்ச் சேர்ந்ததா?

உடனடிச் செய்தி அனுப்பும் நிரலைப் பயன்படுத்தாத மாணவர் இன்று நம் கல்லூரியில் இல்லை எனலாம். ஆயினும் அது எவ்வாறு இயங்குகிறது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. பயிற்சிக்காகப் பைத்தான் மொழியில் அத்தகைய சிறு நிரலொன்றை எழுதியபோது அறிந்தவற்றுள் சிலவற்றை இங்கே கூற விழைகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது எக்ஸ்.எம்.பி.பி. என்னும் நெறிமுறை. ஜெரிமி மில்லர் என்பவர் 1999-இல் 'ஜாபர்' என்ற பெயரில் அறிவித்த இது, 2004-இல் இணையத் தரநிலையாக வெளியிடப்பட்டது. எவரும் இதைப் படித்து நிரல் எழுதலாம். இதில் செல்லும் துணுக்குகள் மூன்றே வகை: செய்தி, ஒருவர் இணைப்பில் இருக்கிறாரா என்னும் இருப்புநிலை, கேள்வி–பதில்.

செய்தியை அனுப்புவது எளிது. அது சேர்ந்ததா என்று சொல்வதே கடினம். 'அனுப்பு' என்னும் கட்டளை வெற்றி பெற்றால், எழுத்துகள் நம் கருவியின் இடைநினைவகத்தை அடைந்தன என்பதே பொருள். பேருந்து மலைப்பாதையில் திரும்பி அலைவரிசை அறுந்தால், அது நிரலுக்குத் தெரியவே சில நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் திரையில் சேர்ந்ததற்கான குறியிட்டால் அது பொய்யல்லவா?

எனவே பயனர் நிரலும் வழங்கிக் கணினியும் துணுக்குகளை எண்ணிக்கொண்டே வருகின்றன. நான் 10 அனுப்பியிருக்க, வழங்கி '7 பெற்றேன்' என்றால், 8, 9, 10 ஆகியவற்றை மீண்டும் அனுப்பவேண்டும். இது வழங்கி தரும் ரசீது மட்டுமே. நண்பரின் நிரலே திருப்பி அனுப்பும் ஒப்புகை வேறு. பதிவுத் தபாலில் அஞ்சலக ரசீதும் ஒப்புகை அட்டையும் தனித்தனியே இருந்தன அல்லவா, அதைப் போன்றது.

இங்கே ஒரு சிக்கல். தொலைந்தது செய்தியா, அதற்கான ரசீதா என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லை. ரசீது தொலைந்திருந்தால், மறுபடி அனுப்பிய செய்தி இரண்டாம் முறை போய்ச் சேரும். "விடுதிக் கட்டணம் 2,000 ரூபாய் அனுப்புங்கள்" என்பது ஊரிலுள்ள தந்தையின் திரையில் இருமுறை தோன்றினால் என்ன ஆகும்! ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் இட்டு, அதே எண் மீண்டும் வந்தால் பெறும் நிரல் தள்ளிவிடுமாறு எழுதினேன். எண்ணைத் திரையில் காட்டும்போது உருவாக்கிச் சேமிக்கவேண்டும்; அனுப்பும்போது புதிதாக உருவாக்கினால் பயனில்லை.

தமிழுக்கென ஒரு சொல். யூ.டி.எஃப்.-8 முறையில் 'அம்மா' என்பது 15 பைட்டுகள். கம்பி வழியே வரும் பைட்டுகள் எழுத்தின் நடுவிலும் துண்டாகி வரலாம். முழுதும் சேரும்வரை காத்திருந்தே எழுத்தாக மாற்றவேண்டும். ஆங்கிலச் செய்தியை மட்டும் அனுப்பிச் சோதிப்பவருக்கு இது புலப்படாது.

'படித்துவிட்டார்' என்னும் குறிக்கும் நெறிமுறையில் வழி உண்டு. நான் அதைச் சேர்க்கவில்லை. திரையில் தோன்றியதை நிரல் அறியும். கண் படித்ததை அறியாது. நிரலைக் காண விரும்பும் நண்பர்கள் எங்கள் துறை ஆய்வகத்திற்கு வரலாம்.