வார இறுதியில் கோர்டோபா

மத்ரித்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் கோர்டோபா. வெள்ளி இரவே போய்த் தங்கிவிடுங்கள். காரணம், மெஸ்கித்தா: 785-ல் மசூதியாகக் கட்டத் தொடங்கி, 1236 முதல் தேவாலயமாக இருக்கும் கட்டடம். சனி காலை 8.30 முதல் 9.30 வரை வழக்கமாக டிக்கெட் இல்லாமலே உள்ளே விடுவார்கள். ஞாயிறன்று இது கிடையாது. 850-க்கும் மேற்பட்ட தூண்கள், தலைக்கு மேல் சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை அடுக்கு வளைவுகள். ஆனால் முதலில் நேரே, தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபின் தங்க மொசைக்குக்குப் போங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் அங்கே நிற்க இடமிருக்காது.

கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மதியம் அறையில் படுத்துத் தூங்குவதே புத்திசாலித்தனம். ரோமானியப் பாலத்தைப் பொழுது சாய்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம். சல்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளி சூப்பின் மேல் பன்றி இறைச்சியும் முட்டையும் தூவித் தருவார்கள்; சைவக்காரர்கள் முன்கூட்டியே ‘சின் ஹமோன், சின் உவேவோ’ என்று சொல்லிவிட வேண்டும்.