பாலைவனத்தில் விழுந்த விமானத்தைத் தேடி

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பழைய ராணுவ விமானங்களின் சிதைவுகள் ஏராளம். இரண்டாம் உலகப் போரின்போது பயிற்சித் தளங்கள் இங்கே இருந்தன. போருக்குப் பிறகு எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தின் சோதனை விமானங்கள் பறந்ததும் இந்த வானத்தில்தான். மழை குறைவு, செடிகொடி வந்து மூடுவதில்லை. அதனால் எழுபது ஆண்டுக்கு முன் விழுந்ததைக்கூட இன்றும் நடந்துபோய்ப் பார்க்கலாம்.

முதல் தடவை போகிறவர்கள் உயிர்ச்சேதம் நேராத இடமாகப் பார்த்துப் போவது நல்லது என்பது என் கட்சி. டெத் வேலி தேசியப் பூங்காவில், டவுன் கணவாய்க்கு மேலே கிடக்கும் எஸ்ஏ-16 ஆல்பட்ராஸ் அப்படிப்பட்டது. 1952 ஜனவரி 24 இரவு இஞ்சின் பழுதானதும் அதிலிருந்த ஆறு பேரும் பாராசூட்டில் குதித்துப் பிழைத்துக்கொண்டார்கள். ஆளில்லாத விமானம் போய் மலையில் மோதியது. தண்ணீரில் இறங்குவதற்கென்று கட்டிய விமானம் வட அமெரிக்காவிலேயே மிக வறண்ட மண்ணில் வந்து கிடக்கிறது! 1966 ஜூனில் பார்ஸ்டோவுக்கு வடக்கே விழுந்த எக்ஸ்பி-70, 1967 நவம்பரில் விமானி மைக்கேல் ஆடம்ஸ் உயிரிழந்த எக்ஸ்-15 போன்ற சோதனை விமானங்கள் விழுந்த இடங்களுக்கு அடுத்தடுத்த பயணங்களில் போகலாம். அங்கெல்லாம் இறந்தவருக்குரிய மரியாதையோடு கால் வைக்க வேண்டும்.

இடம் பிடிபடும் முன் பாதி வேலை மேசையிலேயே முடிந்துவிட வேண்டும். விமானப்படையின் பழைய விபத்து அறிக்கைகள் அலபாமாவில், மேக்ஸ்வெல் தளத்தில் உள்ள வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. அறிக்கையில் 'தளத்துக்கு வடமேற்கே 30 மைல்' என்று போட்டிருந்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். அது தரை மைலா, கடல் மைலா? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் 30 மைலுக்கு ஏழு கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும்.

அறிக்கையோடு இருக்கும் புகைப்படங்கள்தான் உண்மையான வழிகாட்டி. சிதைவை விட்டுவிட்டு, பின்னால் தெரியும் மலைவிளிம்பைப் பாருங்கள். கிட்டத்து மேடு ஒன்று, அதற்குப் பின்னால் தூரத்துச் சிகரம் ஒன்று என இரண்டைத் தேர்ந்தெடுங்கள். படத்தை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சிகரம் மேட்டின் எந்தப் பள்ளத்துக்கு நேரே தெரிகிறதோ அதேபோல் கண்ணுக்குத் தெரியும்வரை இடவலமாக நடந்து பாருங்கள். இதேபோல இன்னொரு ஜோடியை வேறு திசையில் பொருத்திவிட்டால், படம் எடுத்தவர் நின்ற இடத்துக்கு மிக அருகில் நிற்பீர்கள். வீட்டிலிருந்தே கூகுள் எர்த்தில் இதை ஒத்திகை பார்த்துவிடலாம்.

அடுத்து, நிலம் யாருடையது என்று பாருங்கள். சைனா லேக் கடற்படைத் தளம், எட்வர்ட்ஸ் தளம் ஆகியவற்றின் எல்லைக்குள் அனுமதியின்றி நுழையவே கூடாது. வெடிக்காத குண்டுகள் கிடக்கும் பகுதிகள் உண்டு. பூங்கா நிலமென்றால் ரேஞ்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையை நினைக்கவே வேண்டாம்: 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது டெத் வேலியில்தான். ஆனால் குளிர்காலத்தில் மலைமேல் பனி இருக்கலாம், பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடும். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள். பாதி தீர்ந்ததும், விமானம் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, திரும்பிவிடுங்கள். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். காரிலுள்ள ஜிபிஎஸ் சொல்வதை நம்பி, கைவிடப்பட்ட மண்சாலையில் மாட்டிக்கொண்டவர்கள் இங்கே உண்டு. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஆல்பட்ராஸுக்கு நெடுஞ்சாலை 190-இல், 4,956 அடி உயரத்திலுள்ள கணவாயில் வண்டியை நிறுத்திவிட்டு ஏற வேண்டும். போட்ட பாதை கிடையாது. மலைமுகட்டைப் பிடித்து 2,000 அடிக்கு மேல் ஏற்றம். ஓடைப்பள்ளங்களில் இறங்கிக் குறுக்கே போனால் நேரம் மிச்சம் என்று தோன்றும், முழங்கால்தான் மிச்சமிருக்காது. பழைய சுரங்கக் குழிகள் தென்பட்டால் விலகிப் போங்கள்.

இடத்தை அடைந்ததும் முதலில் சுற்றி வாருங்கள். தகடுகளுக்கு அடியில் கையை விடாதீர்கள்; கிலுகிலுப்பைப் பாம்புக்கு அது நல்ல நிழல். கிழிந்த அலுமினியம் பிளேடுபோல வெட்டும். பழைய அளவுமானிகளின் முகப்பில் ரேடியம் பூச்சு இருக்கும் என்பதால் தொடவேண்டாம். குண்டு, தோட்டா போல எது தெரிந்தாலும் வந்த வழியே பின்வாங்குங்கள்.

பிறகு பொறுமையாகப் பாருங்கள். உருகி ஓடி உறைந்த அலுமினியக் கட்டிகள் கிடந்தால் அங்கே அலுமினியத்தையே உருக்கும் அளவுக்குத் தீ எரிந்திருக்கிறது. சின்ன இடத்தில் நொறுங்கிக் குவிந்திருந்தால் மூக்குக் குத்தி விழுந்தது. நீளமாகச் சிதறியிருந்தால் தாழ்ந்த கோணத்தில் உரசி வந்தது. சில சிதைவுகளில் மஞ்சள் பெருக்கல் குறி இருக்கும். புதிய விபத்தென்று நினைத்துத் தேடல் விமானங்கள் ஏமாறாமலிருக்கப் பழைய சிதைவுகளில் போட்டு வைத்த அடையாளம் அது. உதிரிபாகங்களில் குத்திய எண்களைப் படமெடுத்துக்கொண்டால், விமானத்தின் வகையை வீட்டில் உறுதிப்படுத்தலாம்.

ஒரு திருகாணியைக்கூட எடுத்து வராதீர்கள். தேசியப் பூங்காவில் அது சட்டப்படி குற்றம். யாரும் குறித்து வைக்காத சிதைவு எதையாவது கண்டால் ஆயத்தொலைவுகளைப் பூங்கா அலுவலகத்தில் மட்டும் கொடுங்கள், இணையத்தில் போடாதீர்கள். எலும்போ சீருடைத் துணியோ தெரிந்தால் எதையும் அசைக்காமல் அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள்.